டேப்பை மூடுவதற்கு முன்: பிரவுசர் மெமரியும் குறுக்குவிசைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி திணறத் தொடங்கினால் வீட்டிலும் அலுவலகத்திலும் கிடைக்கும் முதல் யோசனை, "டேப்பை எல்லாம் மூடுங்கள்" என்பதுதான். அது பாதிதான் சரி. எதை மூட வேண்டும் என்று பார்க்காமல் மூடினால், நாற்பது சாதுப் பக்கங்கள் போய்விடும். மெமரியைத் தின்னும் ஒன்று அப்படியே உட்கார்ந்திருக்கும்.

படிக்கும் முன் இரண்டு குறிப்புகள். சிங்கப்பூரில் பெரும்பாலான கணினிகளின் மெனு ஆங்கிலத்திலேயே இருப்பதால், மெனுப் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். "டி" விசை என்று வரும் இடமெல்லாம், ஆங்கிலத்தில் டேப் என்ற சொல் தொடங்கும் எழுத்து.

டாஸ்க் மேனேஜரில் குரோம் பெயரில் முப்பது வரி நிற்கிறது. நான் திறந்திருப்பதோ எட்டு டேப். வைரஸா?

இல்லை. குரோம் கட்டப்பட்ட விதமே அப்படி. 2008இல் வெளிவந்தபோதே அது டேப்களைத் தனித்தனி புராசஸ்களாக (தனியே ஓடும் நிரல்களாக) பிரித்து ஓட்டியது. ஒரு பக்கம் முடங்கினாலும் மற்றவை தப்பிக்கட்டும் என்பது அன்றைய காரணம். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பிராசசர் (கணினியின் மையச் சில்லு) ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. ஒரே புராசஸுக்குள் குடியிருக்கும் ஒரு தளம், பக்கத்தில் இருக்கும் இன்னொரு தளத்தின் தரவை மோப்பம் பிடிக்க அதில் வழி இருந்தது. அதே ஆண்டு குரோம் 67 முதல், வெவ்வேறு தளங்கள் ஒரே புராசஸில் சேரக்கூடாது என்பது மேசைக்கணினிகளில் இயல்பான ஏற்பாடானது. இதனால் 10 முதல் 13 விழுக்காடு வரை மெமரி கூடும் என்று கூகல் அப்போதே சொல்லிவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் இதே பிரிப்பை 2021இல் கொண்டுவந்தது. எட்ஜ் பிரவுசருக்கு அடியில் இருப்பதும் குரோமின் அதே குரோமியம் என்ற அடிப்படை நிரல்தான்.

ஆகவே, ஒரு செய்திப் பக்கத்துக்குள் யூடியூப் காணொளி ஒன்றும், வேறு இடத்திலிருந்து வரும் விளம்பரம் ஒன்றும் இருந்தால், கண்ணுக்கு ஒரு டேப். கணினிக்கு மூன்று புராசஸ். எக்ஸ்டென்ஷன்களுக்கு (பிரவுசரில் நாம் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்கள்) தனி, திரையில் வரையும் வேலைக்குத் தனி, இணையத் தொடர்புக்குத் தனி. முப்பது எளிதில் வந்துவிடும்.

மெமரி மிச்சமாகும் என்று இந்தப் பிரிப்பை அணைக்கச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் உலவுகின்றன. வங்கிக் கணக்கையும் சிங்பாஸையும் (அரசாங்கச் சேவைகளுக்கான உள்நுழைவு) திறக்கும் அதே பிரவுசரில் அதைச் செய்ய வேண்டாம்.

எந்த டேப் அதிகம் தின்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் இதற்குப் பெரும்பாலும் உதவாது. குரோமின் எல்லா வரியிலும் பிரவுசரின் பெயரையே காட்டும். பிரவுசருக்குள்ளேயே இன்னொரு டாஸ்க் மேனேஜர் இருக்கிறது. குரோமிலும் எட்ஜிலும் ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்துங்கள். மேக்கில் மேலே உள்ள விண்டோ மெனுவில் டாஸ்க் மேனேஜர் இருக்கும். குரோம்புக்கில் சர்ச் விசை + எஸ்கேப். ஃபயர்ஃபாக்ஸில் மூன்று கோட்டு மெனு, மோர் டூல்ஸ், டாஸ்க் மேனேஜர்.

மெமரி ஃபுட்பிரிண்ட் என்ற தலைப்பை ஒருமுறை சொடுக்கினால், பெரியது மேலே வரும்படி அடுக்கிக்கொள்ளும். இப்போது மேலிருந்து ஐந்து வரியை மட்டும் பாருங்கள். பல நேரங்களில் குற்றவாளி அங்கேயே நிற்பார்: மூன்று நாளாகத் திறந்தே கிடக்கும் மின்னஞ்சல், முடிவில்லாமல் கீழே உருட்டிக்கொண்டே போன சமூக ஊடகப் பக்கம், பல்லாயிரம் வரி உள்ள விரிதாள், அல்லது எப்போதோ போட்டு மறந்த ஒரு எக்ஸ்டென்ஷன்.

"சப்ஃபிரேம்" என்று தொடங்கும் வரிகள், ஒரு பக்கத்துக்குள் பொதிந்திருக்கும் வேறு தளங்கள். பெரும்பாலும் விளம்பரமோ காணொளியோதான். அந்த வரியைத் தேர்ந்தெடுத்து எண்ட் டாஸ்க் கொடுத்தால் அந்தத் துண்டு மட்டும் செத்துப்போகும், பக்கம் பிழைத்திருக்கும். முழு டேப்புக்கே கொடுத்தால் டேப் இருந்த இடத்தில் இருக்கும், உள்ளே மட்டும் வெறுமையாகிவிடும். பிறகு தேவைப்படும்போது எஃப்5 அழுத்திக்கொள்ளலாம். ஆனால் அதில் தட்டி வைத்துச் சேமிக்காத எழுத்து திரும்பாது.

ஒரு பக்கத்தை நீங்கள் தொடவே இல்லை, ஆனாலும் அதன் எண் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏறிக்கொண்டே போகிறது என்றால், அந்தத் தளத்தின் நிரலில் கசிவு (எடுத்த மெமரியைத் திருப்பித் தராத பிழை) இருக்கிறது. உங்கள் கணினிமேல் குற்றமில்லை. எஃப்5 அடித்தால் எண் இறங்கும். சில மணி நேரத்தில் மறுபடி ஏறும். அத்தகைய தளத்தை நாள் முழுக்கத் திறந்து வைக்காமல் இருப்பதே வழி.

குரோமில் இன்னொரு சுலபமும் உண்டு. டேப்பின்மேல் சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாலே சிறு அட்டையில் அதன் மெமரி அளவு தெரியும்.

சாதாரணமாக ஒரு டேப் எவ்வளவு எடுக்கும்?

எழுத்து மட்டும் உள்ள பக்கம் சில பத்து எம்பியோடு நின்றுவிடும். மின்னஞ்சல், ஆவணம், விரிதாள், வரைபடம் போன்றவை பக்கமல்ல, பிரவுசருக்குள் ஓடும் முழு மென்பொருள். அவை பல நூறு எம்பி எடுப்பது இயல்பு.

படங்கள்தாம் ஆளை ஏமாற்றும். 4,000 x 3,000 புள்ளிகள் உள்ள கைப்பேசிப் படம் ஒன்று கோப்பாக 3 எம்பி இருக்கலாம். திரையில் காட்ட அதை விரித்தாக வேண்டும். புள்ளிக்கு 4 பைட் வீதம் 1.2 கோடிப் புள்ளிக்கு 48 எம்பி. கோப்பு எவ்வளவு சுருங்கியிருந்தாலும், முழு அளவில் விரித்தால் இதே கணக்குதான். திருமணப் படங்கள் 200ஐ ஒரே பக்கத்தில் பார்க்கும்போது கணினி மூச்சுவாங்குவது இதனால்தான். கண்ணில் படாத படங்களைப் பிரவுசர் அவ்வப்போது கைவிட்டுச் சமாளிக்கிறது. வேகமாக மேலும் கீழும் உருட்டினால் அந்தச் சமாளிப்பு பலிக்காது.

தமிழ்ப் பக்கங்கள் ஆங்கிலப் பக்கங்களைவிட அதிக மெமரி எடுக்குமாமே?

எடுக்கும், கவலைப்படும் அளவுக்கு இல்லை. யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட். "கொ" என்பதில் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள், ஆக 6 பைட். இந்தக் கணக்கில் நீண்ட கட்டுரை ஒன்றே சில பத்து கேபிதான் வரும். அதன் தலையில் இருக்கும் ஒரு படத்துக்கு முன் இது தூசு.

8 ஜிபி ரேமில் 75 விழுக்காடு எப்போதும் நிறைந்தே இருக்கிறது. ஆபத்தா?

ரேம் என்பது இதுவரை மெமரி என்று சொன்னதுதான். காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் பயனில்லை. பிரவுசரும் விண்டோஸும் அதைத் தெரிந்தேதான் நிரப்புகின்றன. "பின்செல்" பொத்தானை அழுத்தியதும் முந்தைய பக்கம் சட்டென வருகிறதே, அதை மெமரியில் வைத்திருப்பதால்தான் வருகிறது.

ஆகவே விழுக்காட்டை விட்டுவிட்டு இரண்டு அறிகுறிகளைப் பாருங்கள். ஒன்று, கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் தெரியும் அவைலபிள் எண். அது 1 ஜிபிக்குக் கீழே இறங்கியே நிற்கிறதா? இரண்டு, டேப் மாற்றும்போது திரை வெள்ளையாகி, டிஸ்க் வரி எகிறுகிறதா? இரண்டும் சேர்ந்து நடந்தால், ரேம் போதாமல் விண்டோஸ் தரவை டிஸ்க்குக்குத் தூக்கிப்போட்டுத் திரும்ப எடுத்து வருகிறது. எஸ்எஸ்டி என்ற புதுவகை டிஸ்க் எவ்வளவு வேகமானதானாலும் ரேமுக்கு ஈடாகாது. மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டர், மெமரி பகுதியில் கீழே மெமரி பிரஷர் வரைபடம் இருக்கும். பச்சையாக இருக்கும்வரை எண்களைப் பற்றிக் கவலை வேண்டாம். மஞ்சள் என்றால் குறையுங்கள். சிவப்பு என்றால் ஏற்கனவே திணறிக்கொண்டிருக்கிறது.

அவைலபிள் தாராளமாக இருந்தும் மெதுவாக இருக்கிறதா? அப்படியானால் சிபியூ (பிராசசர்) வரியைப் பாருங்கள். பிற்பகலில் குளிர்சாதனம் போடாத வீவக வீட்டு அறையில், மடிக்கணினியை மெத்தைமேல் வைத்து ஓட்டினால், சூடு ஏறியதும் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அங்கே எத்தனை டேப் மூடினாலும் பலன் குறைவு. அடியில் காற்று போக வழி செய்யுங்கள்.

பத்து டேப் மூடினேன். மெமரி இறங்கவே இல்லையே?

காரணம் ஒன்றல்ல. ஒரே தளத்தின் டேப்கள் சில நேரம் ஒரே புராசஸைப் பகிர்ந்துகொள்ளும். கடைசி டேப்பும் மூடப்படும்வரை அந்தப் புராசஸ் இருக்கும். எக்ஸ்டென்ஷன்கள் டேப்களோடு சேர்ந்து போவதில்லை. தவிர, நீங்கள் மூடியவை மெலிந்த பக்கங்களாகவே இருந்திருக்கலாம், அதற்குத்தான் மேலே சொன்ன ஷிஃப்ட் + எஸ்கேப்.

பிரவுசரையே மூடிய பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தால், குரோமில் செட்டிங்ஸ், சிஸ்டம் பகுதிக்குப் போய் "கன்டினியூ ரன்னிங் பேக்ரவுண்ட் ஆப்ஸ்" என்பதை அணையுங்கள். எட்ஜில் அதே போன்ற ஒன்றும், கூடவே ஸ்டார்ட்அப் பூஸ்ட் என்பதும் இருக்கும். பிந்தையது எட்ஜ் சட்டெனத் திறக்க வேண்டும் என்பதற்காகவே பின்னணியில் காத்திருப்பது. 4 ஜிபி கணினியில் அந்த ஆடம்பரம் வேண்டாம்.

மெமரி சேவர், ஸ்லீப்பிங் டேப்ஸ் இரண்டும் ஒன்றா?

நோக்கம் ஒன்று, செய்யும் விதம் வேறு. 2022 இறுதியில் குரோமில் வந்த மெமரி சேவர், சும்மா கிடக்கும் டேப்பின் உள்ளடக்கத்தை மெமரியிலிருந்து அடியோடு இறக்கிவிடும். மேலே பெயர் மட்டும் நிற்கும். சொடுக்கினால் பக்கம் மறுபடி இணையத்திலிருந்து ஏறும். எட்ஜின் ஸ்லீப்பிங் டேப்ஸ் முதலில் பக்கத்தை உறைய வைக்கும். அதனால் பெரும்பாலும் மறு ஏற்றம் இல்லாமலே கண்விழிக்கும். மிச்சமாகும் மெமரியும் அதற்கேற்பக் குறைவு. ஃபயர்ஃபாக்ஸ் மெமரி போதாதபோது தானாகவே பழைய டேப்களை இறக்குகிறது. 140ஆம் பதிப்பிலிருந்து டேப்பை வலச்சொடுக்கி அன்லோட் டேப் என்று நீங்களே கட்டளையிடலாம். நம் கையில் பிடி இருப்பதால், மூன்றில் இதையே நாங்கள் விரும்புகிறோம்.

குரோமில் செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மாடரேட், பேலன்ஸ்ட், மேக்சிமம் என மூன்று நிலை. 8 ஜிபி கணினிக்கு பேலன்ஸ்ட் போதும். 4 ஜிபிக்கு மேக்சிமம். 16 ஜிபிக்கு மேல் இருந்தால் மாடரேட்டில் விடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு டேப்பையும் தொட்டவுடன் மறு ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டிவரும்.

ஒலி 96.8 கேட்டுக்கொண்டே வேலை செய்கிறேன். டேப் தூங்கிவிட்டால் வானொலி நின்றுபோகுமா?

நிற்காது. ஒலி எழுப்பும் டேப், காணொளி அழைப்பு, திரைப் பகிர்வு, நடந்துகொண்டிருக்கும் பதிவிறக்கம், பாதி நிரப்பிய படிவம், பின் செய்த (பட்டையின் தொடக்கத்தில் நிலையாகக் குத்திவைத்த) டேப் இவற்றை மெமரி சேவர் தொடாது. ஆனால் வானொலியை நிறுத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் அந்தச் சலுகை போய்விடும். அப்படி எப்போதும் விழித்திருக்க வேண்டிய தளங்களை "ஆல்வேஸ் கீப் தீஸ் சைட்ஸ் ஆக்டிவ்" பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

பின் செய்வதை இதனோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். பின் செய்தால் டேப் சிறுத்துத் தெரியும், மெமரி சிறுக்காது. பதினைந்து டேப்பைப் பின் செய்துவிட்டு மெமரி சேவர் வேலை செய்யவில்லை என்று சொல்லிப் பயனில்லை.

வருமான வரிப் படிவத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தேன். திரும்பினால் வெளியேற்றிவிட்டது. மெமரி சேவரை அணைக்கலாமா?

அணைத்தாலும் இது தொடரும். அரசாங்க, வங்கித் தளங்கள் சற்று நேரம் அசைவில்லாவிட்டால் பாதுகாப்புக்காகத் தாங்களே வெளியேற்றிவிடும். அது தளத்தின் சர்வரில் ஓடும் கடிகாரம். உங்கள் டேப் விழித்திருந்தாலும் தூங்கினாலும் அதற்குக் கவலையில்லை. ஏப்ரல் 18 கெடு நெருங்கும்போது படிவத்தைத் திறந்து வைத்துவிட்டுத் தாள்களைத் தேடாதீர்கள். தாள்களை மேசையில் வைத்துவிட்டுப் படிவத்தைத் திறங்கள். சேமிக்கும் பொத்தான் இருந்தால் ஒவ்வொரு பகுதிக்கும் அழுத்துங்கள்.

எல்லாக் குறுக்குவிசையும் மனத்தில் நிற்பதில்லை. எதை மட்டும் பழகினால் போதும்?

மூன்று. மற்றவை பிறகு தானாக வரும்.

கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி: கடைசியாக மூடிய டேப் திரும்ப வரும். மறுபடி அழுத்தினால் அதற்கு முந்தியது. கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டபிள்யூ தவறுதலாகப் பட்டு மொத்தச் சன்னலும் மூடியிருந்தால், சன்னல் முழுதாகவே திரும்பும். கணினி திடீரென அணைந்து மீண்ட பிறகும், பிரவுசரைத் திறந்தவுடன் முதல் வேலையாக இதை அழுத்திப் பாருங்கள். குரோமின் மறைநிலைச் சன்னலில் மட்டும் இது பலிக்காது.

கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஏ: குரோமிலும் எட்ஜிலும் டேப் தேடல். இரண்டு மூன்று எழுத்து தட்டி என்டர் அடித்தால், எந்தச் சன்னலில் ஒளிந்திருந்தாலும் அந்த டேப் முன்னால் வரும். அண்மையில் மூடியவையும் இதே பட்டியலில் தெரியும். ஃபயர்ஃபாக்ஸில் இதே விசை எக்ஸ்டென்ஷன் பக்கத்தைத் திறக்கும். அங்கே கன்ட்ரோல் + எல் அழுத்தி, % குறியும் ஓர் இடைவெளியும் போட்டுத் தேட வேண்டும்.

கன்ட்ரோல் + டபிள்யூ: இருக்கும் டேப்பை மூடும். இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அச்சமில்லாமல் அழுத்தச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. டேப் குவிவதற்கு முதன்மைக் காரணம் சோம்பல் இல்லை, "மூடினால் திரும்பக் கிடைக்காதே" என்ற பயம். முதல் விசை கையில் படிந்துவிட்டால் அந்தப் பயம் போய்விடும். எந்த மெமரி எக்ஸ்டென்ஷனும் மிச்சம் பிடிக்காத அளவை அது மிச்சம் பிடிக்கும்.

மேக்கில் இந்த மூன்றிலும் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். அங்கே டபிள்யூவுக்குப் பக்கத்திலேயே க்யூ இருக்கிறது. கை தவறினால் பிரவுசரே மூடிவிடும். குரோம் மெனுவில் "வார்ன் பிஃபோர் க்விட்டிங்" என்பதை இயக்கி வையுங்கள்.

சுட்டியைத் தொடாமல் டேப்களுக்கிடையே போவது எப்படி?

கன்ட்ரோல் + 1 முதல் 8 வரை, இடமிருந்து அந்த எண்ணுள்ள டேப். 9 மட்டும் ஒன்பதாவது அல்ல. எத்தனை இருந்தாலும் கடைசி டேப். லினக்ஸில் ஆல்ட் + எண். மின்னஞ்சலை முதல் இடத்திலும் நாள்காட்டியை இரண்டாம் இடத்திலும் பின் செய்து வைத்தால், கன்ட்ரோல் + 1, கன்ட்ரோல் + 2 என்று கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.

கன்ட்ரோலோடு டேப் விசையை அழுத்தினால் வலப்பக்கம் அடுத்தது; ஷிஃப்டும் சேர்த்தால் இடப்பக்கம். இரண்டு டேப்புக்கிடையே மாறி மாறிப் பார்க்க வேண்டும் என்றால் ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸில், அண்மையில் பயன்படுத்திய வரிசையில் கன்ட்ரோல் + டேப் போகட்டும் என்ற தேர்வு இருக்கிறது. குரோமில் அந்த வசதி இல்லை. இரண்டையும் இழுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இழுக்காமலும் முடியும்: கன்ட்ரோல் + ஷிஃப்ட் + பேஜ்டவுன் டேப்பை ஒரு படி வலப்பக்கம் தள்ளும், பேஜ்அப் இடப்பக்கம்.

சுட்டிச் சக்கரத்தை அழுத்தி ஒரு சுட்டியிணைப்பைத் திறந்தால் அது பின்னணி டேப்பில் திறக்கும். அதே சக்கரத்தை டேப்பின்மேல் அழுத்தினால் மூடும். சக்கரம் இல்லாத மடிக்கணினியில் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு சொடுக்குவது முதல் வேலையைச் செய்யும். முகவரிப் பட்டையில் தட்டிவிட்டு ஆல்ட் + என்டர் அடித்தால், இருக்கும் பக்கம் அப்படியே இருக்க, தேடல் புதிய டேப்பில் திறக்கும்.

பலவற்றை ஒரே மூச்சில் மூட, முதல் டேப்பைச் சொடுக்கி, ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு கடைசி டேப்பைச் சொடுக்கி, கன்ட்ரோல் + டபிள்யூ. இடையில் விட்டு விட்டுத் தேர்ந்தெடுக்க ஷிஃப்டுக்குப் பதில் கன்ட்ரோல்.

தமிழில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது குறுக்குவிசைகள் குழம்புகின்றனவே?

விண்டோஸில் கன்ட்ரோலையும் ஷிஃப்டையும் மட்டும் சேர்த்து அழுத்தி விட்டாலே விசைப்பலகை அமைப்பு மாறும்படி ஓர் ஏற்பாடு உண்டு. தமிழ் 99உம் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையும் இரண்டையும் சேர்த்து வைத்திருப்பவர்களை இது அடிக்கடி படுத்தும். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி அழுத்த நினைத்து, டி அழுத்துவதற்குமுன் மனம் மாறி விரலை எடுத்தால் போதும், அடுத்த வரியில் வேறு எழுத்துகள் விழும்.

தீர்வு: செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்ட் கீபோர்ட் செட்டிங்ஸ், இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ். அங்கே சேஞ்ச் கீ சீக்வன்ஸ் அழுத்தி, விசைப்பலகை மாற்றத்துக்கு நாட் அசைன்ட் என்று கொடுத்துவிடுங்கள். மாற்றுவதற்கு விண்டோஸ் விசை + ஸ்பேஸ் பார் இருக்கவே இருக்கிறது. தனியாக நிறுவிய தமிழ் மென்பொருள் எதுவும் இதே விசைகளைத் தனக்கு எடுத்துக்கொண்டிருக்கிறதா என்பதை அந்த மென்பொருளின் அமைப்பில் பாருங்கள்.

கேஷையும் குக்கீயையும் துடைத்தால் மெமரி மிச்சமாகுமா? ரேம் கிளீனர் போடலாமா?

கேஷ் (பார்த்த பக்கங்களின் சேமித்த நகல்) இருப்பது டிஸ்க்கில். அதைத் துடைத்தால் டிஸ்க்கில் இடம் கிடைக்கும், ரேமில் அல்ல. மாறாக, அடுத்த முறை எல்லாப் படங்களும் மறுபடி இறங்க வேண்டும். குக்கீயையும் துடைத்தால் எல்லாத் தளத்திலும் மறுபடி உள்நுழைய வேண்டும்.

ரேம் கிளீனர் ஓடும் மென்பொருள்களின் மெமரியைப் பிடுங்கி டிஸ்க் பக்கம் தள்ளும். எண் அழகாக இறங்கும். அடுத்த சொடுக்கில் எல்லாம் திரும்ப ரேமுக்கு வந்தாக வேண்டும், அப்போது கணினி முன்னைவிட அதிகமாகத் திணறும். வேண்டவே வேண்டாம்.

விளம்பரத் தடுப்பான் மெமரியைக் கூட்டுமா, குறைக்குமா?

ஒரே ஒரு எளிய பக்கம் திறந்திருந்தால் கூட்டும், தடுப்பானுக்கே கொஞ்சம் வேண்டுமே. விளம்பரம் மிகுந்த செய்தித் தளங்கள் பத்து திறந்திருந்தால் குறைக்கும். ஒவ்வொரு விளம்பரச் சட்டகமும் தனிப் புராசஸாக வந்து நிற்பது தடைபடுகிறது. ஒன்று போதும். இரண்டு தடுப்பான் போட்டால் இரட்டைச் செலவு, ஒன்றையொன்று இடறும். மற்ற எக்ஸ்டென்ஷன்களில் கடந்த மாதம் தொடாதவற்றை நீக்குங்கள்.

32 ஜிபி ரேம் உள்ள கணினி. ஆனாலும் ஒரு டேப் மட்டும் "அவுட் ஆஃப் மெமரி" என்று சாகிறது. எப்படி?

அது உங்கள் ரேமின் எல்லை இல்லை, அந்த டேப்பின் எல்லை. குரோம் 80 முதல், ஜாவாஸ்கிரிப்ட் (இணையப் பக்கங்களை இயக்கும் நிரல் மொழி) பொருள்களின் முகவரிகளைச் சுருக்கி வைக்கிறார்கள். மெமரி மிச்சமாகிறது, ஆனால் ஒரு பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் குவியல் சுமார் 4 ஜிபிக்கு மேல் வளர முடியாது. ரேம் சேர்த்தால் இது தீராது. விரிதாளைப் பிரியுங்கள், பெரிய கோப்பை மேசைக்கணினி மென்பொருளில் திறங்கள், அல்லது கசியும் தளமானால் இடையிடையே எஃப்5.

மகளின் பள்ளிக் கற்றல் கருவி குரோம்புக். மாணவர் கற்றல் தளம் அடிக்கடி மறுபடி ஏறுகிறது. என்ன செய்யலாம்?

ரேம் குறைந்த குரோம்புக்கில் மெமரி போதாவிட்டால் குரோம்ஓஎஸ் தானாகவே பழைய டேப்களை இறக்கிவிடும். திரும்பிப் போகும்போது மறுபடி ஏறுவது அதனால்தான். பள்ளி நிர்வகிக்கும் கருவி என்பதால் சில அமைப்புகள் பூட்டியிருக்கும், எக்ஸ்டென்ஷனும் போட முடியாமல் இருக்கலாம். அதைச் சுற்றி வழி தேடாதீர்கள்.

செய்யக்கூடியது இவ்வளவு: காணொளி அழைப்பு வகுப்பின்போது வேறு காணொளி டேப் வேண்டாம். சர்ச் + எஸ்கேப் அழுத்திப் பெரியதை மூடலாம். நாள் முடிவில் மூடியை மட்டும் மடக்காமல், ஷட் டவுன் கொடுங்கள். மடக்குவது உறக்கம்தான், மறுநாள் எல்லாம் அப்படியே மெமரியில் கிடக்கும். தளத்தில் எழுதும் நீண்ட விடையை முதலில் ஒரு ஆவணத்தில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள், டேப் இறக்கப்பட்டாலும் விடை பிழைக்கும்.

ரேம் கூட்டிவிடலாம் என்று சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைகளுக்குப் போகிறோம். முதலில் என்ன பார்க்க வேண்டும்?

கூட்ட முடியுமா என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி பகுதியில் "ஸ்லாட்ஸ் யூஸ்ட்: 1 ஆஃப் 2" என்று இருந்தால் பெரும்பாலும் ஒன்று காலி. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டது. எம் வரிசை மேக்புக் எதிலும் பின்னால் கூட்ட வழியே இல்லை. வாங்கும்போது எடுத்த முடிவுதான் கடைசிவரை. டாஸ்க் மேனேஜர் சில பற்றவைத்த சில்லுகளையும் ஸ்லாட்டாகக் காட்டிவிடும் என்பதால், மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் பக்கத்தில் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

டிடிஆர்4 வகை ரேம் இருக்கும் இடத்தில் டிடிஆர்5 வகை நுழையாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். மடிக்கணினிக்கு எஸ்ஓ-டிம் என்ற சிறிய அட்டை, மேசைக்கணினிக்கு நீளமானது. அலுவலகம் கொடுத்த கணினியைத் திறக்காதீர்கள், தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் கேளுங்கள்.

உலாவலுக்கும் அலுவலக வேலைக்கும் 16 ஜிபி தாராளம். ஏற்கனவே 16 இருந்து திணறினால், கடைக்குப் போகுமுன் ஷிஃப்ட் + எஸ்கேப்.

கைப்பேசியில் நூறு டேப் திறந்திருக்கிறது. அங்கேயும் இதே கணக்கா?

அல்ல. கைப்பேசி நேரடியாகக் கையில் உள்ள ஒன்றிரண்டு டேப்களைத்தான் உயிரோடு வைத்திருக்கும், மற்றவை பெயரளவில்தான். ஆண்ட்ராய்ட் குரோமில் 99ஐத் தாண்டினால் எண்ணுக்குப் பதில் ஒரு சிரிப்புக் குறி வரும், அது எச்சரிக்கை அல்ல, கேலி. ஐஃபோன் சஃபாரி ஒரு குழுவில் 500க்கு மேல் அனுமதிக்காது. செட்டிங்ஸில் (புதிய ஐஓஎஸ்ஸில் ஆப்ஸ் பகுதிக்குள்) சஃபாரி, குளோஸ் டேப்ஸ் பகுதியில் ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று கெடு வைத்தால் பழையவை தாமே மூடிக்கொள்ளும்.

மெமரி கைப்பேசியில் கடிக்கும் இடம் வேறு. பிரவுசரில் ஒரு தளத்தைத் திறந்து, சிங்பாஸ் செயலிக்குத் தாவி அனுமதி கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பக்கம் முதலிலிருந்து ஏறுகிறது என்றால், அந்த இடைவெளியில் ரேம் போதாமல் பிரவுசரையே கைப்பேசி இறக்கியிருக்கக்கூடும். உள்நுழைவதற்குமுன் கேமரா, விளையாட்டு, காணொளிச் செயலிகளை மேலே தள்ளி மூடிவிட்டு மறுபடி முயலுங்கள். அப்போதும் நடந்தால், கணினித் திரையில் தளத்தைத் திறந்து அங்கே தோன்றும் க்யூஆர் குறியைக் கைப்பேசிச் சிங்பாஸால் வருடுங்கள். பிரவுசர் ஒரு கருவியிலும் சிங்பாஸ் இன்னொரு கருவியிலும் இருப்பதால், இந்தச் சிக்கலுக்கு அங்கே இடமில்லை.